அஞ்சலை கேட்ட கேள்விகள்

போன மாதம் முழங்கால் வலிக்கு மாத்திரை வாங்க ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போயிருந்தேன். அன்று புதன்கிழமை, தடுப்பூசி போடுகிற நாள். ஒரு தாய் தன் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அதன் முகத்துக்கு நேரே ஃபோனைப் பிடித்திருந்தாள். அதில் ஏதோ பொம்மை ஆடிக்கொண்டிருந்தது. ஷர்மிளா பானு என்கிற நர்ஸ் பெண் தொடையில் குத்தி ஊசியை எடுத்துவிட்டாள். குழந்தை பொம்மையைப் பார்த்தபடியே அழுதது. எதற்காக அழுகிறோம் என்று அதற்கே தெரியவில்லை.

நான் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் என்று ஷர்மிளாவுக்குத் தெரியும். கூட்டம் குறைந்ததும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"உங்க காலத்துல ஃபோன் இல்லையேம்மா. பிள்ளைங்கள எப்படிச் சமாளிச்சீங்க?"

"வலிக்கும்னு சொல்லிட்டுப் போடுவோம்" என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. ஆனால் அந்த இடத்தில் விளக்கிச் சொல்ல வரவில்லை. எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் சொந்த ஊர் தரங்கம்பாடிக் கடற்கரை. அப்பாவும் அண்ணன்களும் கடலுக்குப் போகிறவர்கள். எங்கள் தெருவில் எஸ்.எஸ்.எல்.சி. தேறிய முதல் பெண் நான். தஞ்சாவூரில் மூன்று வருடம் நர்ஸ் பயிற்சி. அந்த மூன்று வருடத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. படுக்கை விரிக்கக் கற்றேன், நின்றுகொண்டே தூங்கக் கற்றேன். பிறகு கும்பகோணத்துக்குக் கிழக்கே ஓர் ஆற்றங்கரை ஊரின் அரசு ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டில் போட்டார்கள். அந்த ஊரின் பெயர் இங்கே வேண்டாம்.

அந்த வார்டின் பெரிய சிஸ்டர் ஞானப்பூ அம்மாள். ஒல்லியான உடம்பு, கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை, இடது தோளுக்குக் கீழே ஊக்கில் குத்திய சின்னக் கடிகாரம். சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. எந்தக் குழந்தையிடமும் நின்றுகொண்டு பேசமாட்டார். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தன் கண்ணும் குழந்தையின் கண்ணும் ஒரே மட்டத்துக்கு வந்த பிறகுதான் வாயைத் திறப்பார்.

நான் சேர்ந்த மறுவாரம் நாய் கடித்த ஏழு வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். அப்போதெல்லாம் நாய்க்கடிக்குத் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி. முதல் ஊசியை நான் போட்டேன். "எறும்பு கடிக்கிற மாதிரிதான், வலிக்காது" என்று சொல்லிப் போட்டேன். மறுநாள் என்னைப் பார்த்ததும் அவள் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டாள். நான்கு பேர் சேர்ந்தும் வெளியே இழுக்க முடியவில்லை. கையைக் கடித்தாள்.

ஞானப்பூ சிஸ்டர் வந்தார். எல்லோரையும் விலகச் சொன்னார். முக்காலி கூடப் போடாமல் அந்தச் சிமெண்டுத் தரையில் கஞ்சிப் புடவையோடு உட்கார்ந்தார்.

"இன்னும் பதிமூணு ஊசி இருக்கு. எல்லாம் வலிக்கும். நான் பத்து எண்ணி முடிக்கறதுக்குள்ள ஊசி வெளிய வந்துடும். அதுக்கப்புறம் கொஞ்ச நேரம் கடுக்கும்."

கட்டிலுக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "அந்த அக்கா வலிக்காதுன்னு சொன்னாங்க."

"அது பொய்" என்றார் சிஸ்டர், என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே.

எனக்கு முகம் சுருங்கிப்போயிற்று. அந்தப் பெண் மெல்ல வெளியே வந்தாள். இடப்பக்கம் போடட்டுமா வலப்பக்கம் போடட்டுமா என்று சிஸ்டர் அவளையே கேட்டார். அவள் யோசித்து இடப்பக்கம் என்றாள். பத்து எண்ணும்போது அழுதாள், ஆனால் கையைத் தட்டிவிடவில்லை. பதினான்காம் நாள் வரை அவளைப் பிடித்துக்கொள்ள யாரும் தேவைப்படவில்லை.

அன்று சாயங்காலம் சிஸ்டர் என்னைக் கூப்பிட்டு, "உனக்குத் தெரியலன்னா தெரியலன்னு சொல்லு கமலா. அதுக்கு ஒண்ணும் வெட்கமில்ல" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அதற்கு இரண்டு வருடம் கழித்து, தை கடைசியில் அஞ்சலை வந்தாள்.

ஆட்சி மாறி, சுவரெல்லாம் புதுக் கொடியின் நிறம் ஏறியிருந்த சமயம். வயல்காட்டில் மட்டும் பழைய சண்டை தீரவில்லை. அறுவடைக் கூலியில் அரைப்படி நெல் கூடக் கேட்டுச் சங்கத்து ஆட்கள் களத்தில் நின்றார்கள். மிராசுதார் வெளியூர் ஆட்களை இறக்கினார். ஒவ்வொரு அறுவடைக்கும் எங்கள் ஆஸ்பத்திரிக்கு யாராவது மண்டை உடைந்து வருவார்கள். அன்று காலை பத்தரை மணிக்கு ஒரே மாட்டுவண்டியில் இரண்டு பேரைக் கொண்டுவந்தார்கள். ஒன்று அஞ்சலை, எட்டு வயது. தகராறு மூண்டதும் களத்திலிருந்து நெல்வண்டியை அவசரமாக ஓட்டியிருக்கிறார்கள். அப்பாவை நோக்கி ஓடிய அவள் தொடைமேல் சக்கரம் ஏறிவிட்டது. இன்னொருவர் அவள் அப்பா. தடியடி தலையில்.

வழியில் அவள் மயங்கிவிட்டாள். அவளைத் தூக்கிக்கொண்டு மற்றவர்கள் ஓடினார்கள். அவள் அப்பாவோடு நான் இருந்தேன். தஞ்சாவூருக்குக் கொண்டுபோக வேனுக்குச் சொல்லியிருந்தது. வேன் வருவதற்குள் அவர் இறந்துபோனார். அவர் தலைமாட்டில் நின்றவள் நான் ஒருத்திதான். அதை அப்போது யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அஞ்சலைக்குத் தொடை எலும்பு முறிந்திருந்தது. அந்த நாளில் அதற்கு வைத்தியம் பொறுமைதான். முழங்காலுக்குக் கீழே இரண்டு பக்கமும் பிளாஸ்திரி ஒட்டி, அதில் கயிறு கட்டி, கட்டிலின் கால்மாட்டில் இருக்கும் உருளைவழியாக எடைக்கல்லைத் தொங்கவிடுவோம். கட்டிலின் கால்பக்கம் செங்கல் வைத்து உயர்த்தியிருக்கும். அப்படியே ஆறு வாரம் மல்லாந்து கிடக்க வேண்டும். தினமும் காலையில் கால்விரல்களைத் தொட்டுப் பார்க்க வேண்டும், சூடு இருக்கிறதா, அசைக்கிறாளா என்று. முதுகில் புண் வராமல் ஸ்பிரிட் தடவிப் பவுடர் போட வேண்டும். இதெல்லாம் என் வேலை.

அவள் கேள்வி கேட்காத நேரம் தூங்குகிற நேரம்தான்.

"இந்தத் தொங்கற கல்லு எதுக்குக்கா?"

"உன் கால இழுத்துப் பிடிக்க. விட்டா எலும்பு ஒண்ணுமேல ஒண்ணு ஏறிக் கால் கட்டையாயிடும்."

"நேரா ஆயிடுமா?"

"பெரும்பாலும் ஆயிடும். கொஞ்சம் தாங்கி நடக்கறாப்பலயும் ஆகலாம். இப்பவே சொல்ல முடியாது."

அவள் படுக்கைக்கு எதிர்ச்சுவரில் ஓர் ஆணி இருந்தது. அதற்குக் கீழே சதுரமாகச் சுண்ணாம்பு வெளுப்பாகத் தெரியும். சர்க்கார் இடங்களில் சாமி படம் இருக்கக்கூடாது என்று உத்தரவு வந்து, அங்கே இருந்த முருகன் படத்தை எடுத்திருந்தார்கள். நாள் முழுக்க மல்லாந்து கிடப்பவளுக்குப் பார்க்க அது ஒன்றுதான்.

"அங்க என்ன இருந்துச்சு?"

"முருகன் படம். கவர்மெண்டு எடுக்கச் சொல்லிடுச்சு."

"எடுத்தா சாமிக்குக் கோவம் வராதா?"

"தெரியல."

"சாமி நெசமாவே இருக்கா?"

"நான் இருக்குன்னு நம்பறேன். பெரிய சிஸ்டர் வேற சாமிய நம்பறாங்க. கம்பவுண்டர் சாமியே கெடையாதுங்கறாரு."

"மூணு பேர்ல யாரு சொல்றது சரி?"

"அதான் எனக்கும் தெரியல அஞ்சலை."

அடுத்த கட்டில் பெண்ணிடம் திரும்பி, "அக்காவுக்கே தெரியலையாம்" என்றாள், ஏதோ பரிசு கிடைத்த மாதிரி. நான் தெரியாது என்று சொல்வது அவளுக்குப் பிடித்திருந்தது. அதனால்தான் தெரியும் என்று சொன்னவற்றை எல்லாம் நம்பினாள்.

அவள் அம்மா மாரியாயி நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவள். பார்வையாளர் நேரத்துக்கு நாலு மைல் நடந்து வருவாள். அப்பா தஞ்சாவூர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று மகளிடம் சொல்லியிருந்தாள். முதல் நாளே டாக்டரிடமும் எங்களிடமும் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டாள். "காலு கூடற வரைக்கும் அதுக்குத் தெரிய வேணாம் சிஸ்டரு. தெரிஞ்சா ஒடம்ப அலட்டிக்கும்." டாக்டரும் அதுவே சரி என்றார்.

நான் ஞானப்பூ சிஸ்டரிடம் போய், அவள் என்னைக் கேட்டால் என்ன சொல்வது என்று கேட்டேன்.

"அது அவ அம்மா சொல்ல வேண்டிய சேதி. உனக்கு அதுல பாத்தியதை இல்ல. ஆனா பொய்யும் சொல்லாத."

"ரெண்டுக்கும் நடுவுல என்ன சொல்றது சிஸ்டர்?"

"எனக்குத் தெரியல" என்றார்.

மூன்றாவது வாரம் ஒருநாள் வார்டு ஜன்னலில் நின்றிருந்தேன். மாரியாயி ஆஸ்பத்திரி வாசல் கேட்டுக்குப் பக்கத்துக் குழாயடியில் நின்று முந்தானை முடிச்சை அவிழ்ப்பது தெரிந்தது. அதிலிருந்து ஒரு மஞ்சள் கயிற்றை எடுத்துக் கழுத்தில் கட்டிக்கொண்டாள். மடித்த காகிதத்தைப் பிரித்து நெற்றியில் குங்குமம் வைத்தாள். குழாய்த் தண்ணீரில் முகம் பார்க்க முடியாததால் விரலால் தடவித் தடவிப் பொட்டைச் சரிசெய்தாள். பிறகு வார்டுக்குள் வந்து மகளிடம் சிரித்துப் பேசினாள். ஆறு மணிக்கு வெளியே போனதும் அதே குழாயடியில் அழித்துக் கழுவிவிட்டு நாலு மைல் நடந்தாள். கருமாதி முடிந்து சில நாளாகியிருந்தது.

அதைப் பார்த்த பிறகு அஞ்சலையின் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. கால்விரலைத் தொட்டுப் பார்ப்பேன், முதுகைத் துடைப்பேன், நகர்ந்துவிடுவேன். அவள் கேள்வியை ஆரம்பித்தால் அடுத்த கட்டிலில் வேலை இருப்பதுபோல் திரும்பிக்கொள்வேன்.

நாலைந்து நாள் பார்த்தாள். ஒருநாள் காலை நான் பிளாஸ்திரியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது மெதுவாகக் கேட்டாள்.

"எங்கப்பா செத்துட்டாரா?"

கயிறு என் கையில் இருந்தது. அந்தக் கட்டிலருகில் எப்போதும் போடுகிற முக்காலியை அன்று நான் போட்டிருக்கவில்லை. நின்றுகொண்டே பதில் சொன்னேன்.

"அத நீ அம்மாவக் கேக்கணும் அஞ்சலை. எனக்குத் தெரியும். ஆனா நான் சொல்லக் கூடாது."

அவள் சுவரைப் பார்த்தாள்.

"உசுரோட இருந்தா இருக்காருன்னு சொல்லியிருப்பீங்க."

கயிற்றைச் சரிசெய்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன்.

அன்று சாயங்காலம் மாரியாயி பொட்டும் கயிறுமாக வந்து கட்டிலருகே குனிந்தாள். அஞ்சலை அவளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அப்பாவுக்குப் பால் தெளிச்சாச்சா?"

மாரியாயி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு வார்டில் எழுந்த சத்தத்தை நான் எழுதப்போவதில்லை. அஞ்சலை உடம்பை முறுக்கியதில் பிளாஸ்திரி பிய்ந்து எடை கீழே விழுந்தது. மூன்று பேர் அவளைப் பிடித்துக்கொள்ள, டாக்டர் காலைத் திரும்ப இழுத்துக் கட்டினார். இரண்டு நாள் அவள் சாப்பிடவில்லை.

மாரியாயி என்னிடம் வந்தாள். "ஒத்த வார்த்த கேட்டேனே சிஸ்டரு. ஆறு வாரம் வாயக் கட்டுங்கன்னுதானே கேட்டேன். இனி கால் கோணிப்போனா எவன் வந்து தாங்குவான்? என் புள்ள கிட்ட இனிமே நீங்க வராதீங்க."

டாக்டர் கூப்பிட்டுக் கடிந்துகொண்டார். மறுநாளிலிருந்து பிரசவ வார்டுக்குப் போகச் சொன்னார்கள். போவதற்குமுன் ஞானப்பூ சிஸ்டரிடம் சாவியை ஒப்படைத்தேன்.

"நான் பொய் சொல்லல சிஸ்டர்."

"சொல்லல. ஆனா நீ ஒளிஞ்சே. பிள்ளை அதப் பாத்துத்தான் கேட்டிருக்கு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் வலிக்கிறது.

பிரசவ வார்டு அதே வராந்தாவின் மறுகோடி. இரண்டு வாரம் அங்கேயிருந்து குழந்தைகள் வார்டின் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எடை மறுபடி கட்டியதால் அஞ்சலை இன்னும் அதிக நாள் கிடக்க வேண்டும் என்று கேள்விப்பட்டேன். யாரிடமும் விசாரிக்கவில்லை. குவார்ட்டர்ஸில் என் அறைக்குப் போனால் பேச ஆள் கிடையாது. நீண்ட நாளாக அப்படித்தான் இருந்தது. ஆனால் அந்த இரண்டு வாரம்தான் அது முதன்முதலாக எனக்கு உறைத்தது.

ஒருநாள் மத்தியானம் மாரியாயி பிரசவ வார்டு வாசலில் வந்து நின்றாள். நெற்றியில் பொட்டில்லை.

"அது யாரு சொன்னாலும் நம்ப மாட்டேங்குது சிஸ்டரு. என்னையும் நம்பல. ஏதோ கேக்கணுமாம். கமலா அக்காதான் வரணுமாம்."

கூடப் போனேன். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அஞ்சலை மெலிந்திருந்தாள். அம்மா பின்னால் நின்றாள்.

"அப்பாவ இங்கதான் கொண்டாந்தாங்களா?"

"ஆமா. உன்கூட ஒரே வண்டியில."

"அவருக்கு வலிச்சுதா?"

மாரியாயி என் தோளைத் தொட்டாள். இல்லை என்று சொல்லு என்று அந்தக் கை சொன்னது. எனக்கு நன்றாகவே புரிந்தது.

"வலிச்சுது" என்றேன்.

"எவ்ளோ நேரம்?"

"முக்கால் மணி நேரம் இருக்கும். கடைசியில வலி தெரியல. தூங்கற மாதிரி ஆயிட்டாரு."

"கூட யாரு இருந்தா?"

"நான் இருந்தேன். அவர் கையப் பிடிச்சிருந்தேன்."

தோளில் இருந்த கை விலகியது. மாரியாயிக்கு இது புதுச் சேதி.

"ஏதாச்சும் சொன்னாரா?"

"பாப்பா எங்கன்னு கேட்டாரு. உள்ள இருக்கா, உசுருக்கு ஒண்ணுமில்லன்னு சொன்னேன். அப்புறம் தண்ணி கேட்டாரு."

"குடுத்தீங்களா?"

இந்தக் கேள்வி வரும் என்று நான் எண்ணவேயில்லை. அந்த நாளிலிருந்து அதை நான் நினைக்காமல் தள்ளிவைத்திருந்தேன்.

"குடுக்கல."

"ஏன்?"

"தலையில அடிபட்டவங்களுக்குத் தண்ணி குடுத்தா மூச்சுல ஏறிடும், குடுக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருந்தாரு. பஞ்ச நனைச்சு ஒதட்டுல வச்சேன். மறுபடியும் ரெண்டு தடவை கேட்டாரு. குடுக்கல."

அவள் என் முகத்தையே பார்த்தாள்.

"குடுத்திருக்கலாம்" என்றாள்.

"ஆமா. பொழைக்க மாட்டாருன்னு தெரிஞ்சிருந்தா குடுத்திருப்பேன். அப்ப எனக்குத் தெரியல."

நான் எழுந்தேன். வராந்தாவில் மாரியாயி என் பின்னாலேயே வந்தாள். ஏசப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒண்டியாக் கெடந்து போயிட்டாருன்னே நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

அஞ்சலையின் அப்பாவை அடித்துக் கொன்ற வழக்கு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. நான் சாட்சிக்குக் கூப்பிடப்படவில்லை. அதற்குப் பிறகு முப்பது வருடத்துக்கும் மேல் வேலை பார்த்தேன். பேராவூரணி, கும்பகோணம், மறுபடி தஞ்சாவூர். ஞானப்பூ சிஸ்டர் ஓய்வு பெற்றுத் தெற்கே தன் ஊருக்குப் போனார். இரண்டு கடிதம் வந்தன, பிறகு வரவில்லை. கல்யாணம் எனக்கு அமையவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு ஆளுக்கொரு காரணம் சொல்லியிருக்கிறேன். குழந்தைகளிடம் காட்டிய நேர்மையைப் பெரியவர்களிடம் நான் காட்டியதில்லை. ஊரில் அண்ணன் பிள்ளைகள் இருக்கிறார்கள். பொங்கலுக்குக் கூப்பிடுவார்கள். போய் இரண்டு நாள் இருந்துவிட்டு, எல்லோரும் அவரவர் வேலையில் இருக்கும் நேரமாகப் பார்த்துக் கிளம்பி வந்துவிடுவேன்.

வார்டில் நம்மை நம்பிக் கையைக் கொடுக்கிற குழந்தைகள் குணமானதும் போய்விடுவார்கள். போகத்தான் வேண்டும். கடைத்தெருவில் எதிரே வந்தால் அம்மாவின் முந்தானைக்குள் ஒளிந்துகொள்வார்கள், ஏனென்றால் நம்மைப் பார்த்தால் அவர்களுக்கு ஊசிதான் நினைவுக்கு வரும். உண்மையைச் சொல்லிப் போட்டாலும் ஊசி ஊசிதான். இதையும் ஷர்மிளா தெரிந்துகொள்ள வேண்டும். பொய் சொல்லாமல் இருந்தால் குழந்தைகள் நம்மேல் பிரியமாக இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு யாரும் இதைச் செய்யக்கூடாது.

அஞ்சலை வீட்டுக்குப் போன நாளைச் சொல்லி முடிக்கிறேன். சித்திரை பிறந்திருந்தது. அதற்குள் என்னைக் குழந்தைகள் வார்டுக்கே திருப்பி அனுப்பியிருந்தார்கள். அவள் கம்பு ஊன்றிக் கட்டில்களைப் பிடித்து வார்டு வாசல்வரை நடந்தாள். இடது கால் ஒரு விரல்கடை குட்டையாகக் கூடியிருந்தது. வாசலில் மாரியாயி அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். எட்டு வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நடக்கிறாளே என்று பார்த்துக்கொண்டு நின்றேன். இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் உள்ளே வந்து படுக்கையை உருவினேன். கட்டிலுக்கு அடியிலிருந்து செங்கற்களை எடுத்தேன். ஒரு மணி நேரத்துக்குள் அந்தக் கட்டிலுக்கு வேறு ஒரு பெண்ணைக் கொண்டுவந்துவிட்டார்கள். ஆறு வயது இருக்கும், காய்ச்சல். புது விரிப்பின்மேல் படுக்கமாட்டேன் என்று நின்றாள்.

"இதுல யாரு படுத்திருந்தா?"

"அஞ்சலைன்னு ஒரு பொண்ணு."

"செத்துப்போயிடுச்சா?"

முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"இல்ல. கால் ஒடஞ்சிருந்துச்சு, கூடிடுச்சு. இப்பதான் வீட்டுக்குப் போறா. வாசல் வரைக்கும் அவளே நடந்து போனா. அதுக்கு மேல முடியல, அவங்கம்மா தூக்கிக்கிட்டாங்க."

அந்தப் பெண் வாசலைப் பார்த்தாள். பிறகு கட்டிலில் ஏறிப் படுத்தாள்.